375 கேட்டவருக்கு 275 ஏன்? மார்பக இம்ப்ளாண்ட் அளவுத் தேர்வு: ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் குடியிருந்து, பாயான் லெப்பாஸில் உள்ள மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் 33 வயதுப் பெண். உயரம் 157 செ.மீ., எடை 50 கிலோ, பி.எம்.ஐ. 20.3. இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் தாய்ப்பால் கொடுத்தவர். இளையவனுக்குப் பால் நிறுத்தி 18 மாதம் ஆகிறது. இனிக் குழந்தை வேண்டாம் என்று கணவனும் மனைவியும் முடிவெடுத்திருக்கிறார்கள். புகைப்பழக்கம் இல்லை, நீரிழிவு இல்லை. பெரியம்மாவுக்கு 58 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது. பால் நிறுத்திய பின் மார்பகத்தின் மேற்பாதி வற்றிப்போனதுதான் குறை. கோரிக்கை ஓர் எண்ணாகவே வந்தது: “375 சிசி வைங்க டாக்டர். என் கூட்டாளிக்கு அதைத்தான் வச்சாங்க, அவங்களுக்கு ரொம்ப நல்லா இருக்கு.”

இந்த நிகழ்வு பயிற்சிக்காக அமைக்கப்பட்டது. ஆலோசனை அறையில் அடிக்கடி சேர்ந்து வரும் அளவுகளும் கேள்விகளும் ஒரே பெண்ணிடம் வைத்துச் சொல்லப்படுகின்றன. கடைசியில் இவருக்கு வலதுபக்கம் 275 சிசி, இடதுபக்கம் 250 சிசி கொள்ளளவுள்ள சிலிக்கான் பை (இம்ப்ளாண்ட்) வைக்கப்பட்டது. கேட்டதற்கும் வைத்ததற்கும் இடையில் வலதில் 100, இடதில் 125 சிசி குறைந்தது எப்படி என்பதே இந்த ஆய்வின் பொருள்.

கூட்டாளியின் 375

சிசி (மில்லி) என்பது பையின் கொள்ளளவு மட்டுமே. அந்தக் கொள்ளளவு எவ்வளவு அகலமான மார்பில், எவ்வளவு தளர்ந்த தோலுக்குள், எவ்வளவு சொந்தத் திசுவுக்கு அடியில் உட்காருகிறது என்பதை அந்த எண் சொல்லாது. கூட்டாளியின் உயரம் 168 செ.மீ., தோள் அகலமானவர் என்று விசாரித்ததில் தெரிந்தது. மார்பக அடி அகலம் 13 செ.மீ.க்கு மேல் இருக்கும் உடலில் 375 சிசி அடக்கமாகவே தெரியும். 11.5 செ.மீ. அகலத்தில் அதே பை விளிம்பு துருத்தி நிற்கும். இருவரும் ஒரே எண்ணைச் சொல்லிக்கொள்ளலாம். கண்ணாடியில் தெரிவது வேறுவேறு.

அதனால் எண்ணை ஒதுக்கிவிட்டு, வேண்டுவது என்ன என்று தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. இவர் சொன்னவை மூன்று. சேலை பிளவுசில் மேல்பகுதி தொங்காமல் நிரம்பி நிற்க வேண்டும். பஞ்சு வைத்த பிரா இல்லாமல் வெளியே போக முடிய வேண்டும். வேலையிடத்தில் யாரும் கண்டுபிடித்துக் கேட்கக் கூடாது. இந்த மூன்றில் எதற்குமே 375 தேவைப்படவில்லை. மூன்றாவது விருப்பம் அதற்கு நேர் எதிரானது. இதை அவரிடமே வரிவரியாகத் திருப்பிச் சொன்னபோதுதான் பேச்சு எண்ணிலிருந்து உடலுக்குத் திரும்பியது. இந்தக் கால் மணி நேரத்தைச் சுருக்கினால் பின்னால் வரும் அளவெடுப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயனில்லை.

“சி கப் வருமா?” என்ற கேள்விக்கு வாக்குறுதி எதுவும் தரப்படவில்லை. பிரா நிறுவனங்களிடையே கப் அளவுக்குப் பொதுத்தரம் கிடையாது. மார்புச்சுற்று கூடக்கூட ஒரு கப் ஏறுவதற்கு வேண்டிய சிசியும் கூடும். பிளவுஸ் தைப்பவர் எடுக்கும் சுற்றளவும் உதவாது. முதுகு, விலா, மார்பு எல்லாம் சேர்ந்த சுற்று அது.

அளவெடுப்பு

இவர் நின்ற நிலையில், கைகளைத் தளர்த்தித் தொங்கவிட்டு, காலிப்பரும் (இரு முனைகளுக்கு இடையிலான நேர்தூரத்தை அளக்கும் கருவி) டேப்பும் கொண்டு எடுத்த அளவுகள்:

கழுத்துக்குழியிலிருந்து முலைக்காம்பு வரை: வலது 19.5, இடது 20.0 செ.மீ.
மார்பக அடி அகலம்: இருபுறமும் 11.5 செ.மீ.
தோலை முன்னிழுத்தால் நகரும் தூரம்: வலது 2.5, இடது 2.8 செ.மீ.
மேற்பகுதிக் கிள்ளுத் தடிமன்: வலது 1.6, இடது 1.7 செ.மீ.
அடிமடிப்பில் கிள்ளுத் தடிமன்: இருபுறமும் 0.8 செ.மீ.
முலைக்காம்பிலிருந்து அடிமடிப்பு வரை, முழுதாக இழுத்த நிலையில்: வலது 6.5, இடது 7.0 செ.மீ.
இரு மார்பகங்களின் நடு இடைவெளி: 2.8 செ.மீ.

முலைக்காம்பு இரண்டும் அடிமடிப்புக்கு மேலேயே இருந்தன. எனவே தூக்கிக் கட்டும் அறுவை தேவையில்லை. காம்பு மடிப்பின் மட்டத்துக்கோ கீழுக்கோ இறங்கியிருந்தால் கதை மாறும். அப்போது பெரிய பையைக் கொண்டு தொய்வை நிரப்பிச் சரிசெய்யப் பார்ப்பது பலர் செய்யும் தவறு. கனம் சேர்ந்து ஓரிரு ஆண்டில் இன்னும் தாழ இறங்கும்.

அளவெடுப்பதில் பிழை நுழையும் இடங்கள் உண்டு. அடி அகலத்தைக் காலிப்பரால் நேர்கோட்டில் எடுக்க வேண்டும். டேப்பை மேட்டின் மேல் வளைத்து எடுத்தால் ஒன்று இரண்டு சென்டிமீட்டர் கூடிவிடும். அந்தப் பிழை அப்படியே 50 சிசியாகப் பைக்குள் போய்விடும். தோல் நகர்வை அளக்கும்போது காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் உள் விளிம்பில் தோலைப் பிடித்து, வலிக்காத எல்லை வரை முழுதாக முன்னே இழுக்க வேண்டும். கூச்சத்தால் பாதி இழுத்து 1.5 என்று எழுதிவிட்டால் பை தேவையில்லாமல் சிறுத்துவிடும். மேற்பகுதிக் கிள்ளை மார்பகச் சுரப்பிக்கு மேலே எடுக்க வேண்டும். சுரப்பியையும் சேர்த்துக் கிள்ளினால் தடிமன் பொய்யாக 3 செ.மீ. காட்டும், பை தசைக்கு மேல் போய் உட்காரும், ஆறு மாதத்தில் விளிம்பு தெரியும். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் மார்பகம் ஊதியிருக்கும் பெண்களுக்கு இன்னொரு நாளில் திரும்ப அளப்பது நல்லது. தாய்ப்பால் நிறுத்தி ஆறு மாதமாவது ஆகாதவர்களை அளக்கவே கூடாது. திசு இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும்.

எண்கள் காட்டிய பை

அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை நிபுணர் ஜான் டெபெட்ஸும் வில்லியம் ஆடம்ஸும் 2005இல் வெளியிட்ட ‘ஹை ஃபைவ்’ முறை இன்றும் பல இடங்களில் அடிப்படையாக இருக்கிறது. அடி அகலத்துக்கு ஒரு தொடக்கக் கொள்ளளவு. பிறகு திசுவின் தன்மையைப் பார்த்துக் கூட்டல் கழித்தல். 10.5 செ.மீ. அகலத்துக்கு 200 சிசி, 11க்கு 250, 11.5க்கு 275, 12க்கு 300, 13க்கு 325, 14க்கு 375 என்று அந்தப் பட்டியல் ஏறும். தோல் நகர்வு 2 செ.மீ.க்குக் கீழ் என்றால் 30 சிசி குறைக்க வேண்டும். 3க்கு மேல் என்றால் 30 கூட்டலாம், 4க்கு மேல் 60. காம்பு முதல் மடிப்பு வரை 9.5 செ.மீ.யைத் தாண்டினால் 30 கூடும். உள்ளே ஏற்கெனவே சுரப்பி நிறைந்திருந்தால் 30 குறையும், மிக வற்றியிருந்தால் 30 கூடும்.

இவருக்கு: தொடக்கம் 275. தோல் நகர்வு 2க்கும் 3க்கும் நடுவில், மாற்றமில்லை. மடிப்புத் தூரம் 9.5க்கு வெகு கீழே, மாற்றமில்லை. சுரப்பி நிரப்பு இடைநிலை, மாற்றமில்லை. விடை 275.

அந்தப் பட்டியலில் 375 சிசி வருவது 14 செ.மீ. அகலத்தில். இவருக்கும் அந்த வரிக்கும் இடையே 2.5 செ.மீ. இருக்கிறது.

ஒரே முறையை நம்பாமல் இன்னொரு வழியிலும் சரிபார்க்கப்பட்டது. முடிவில் மேடு எவ்வளவு அகலமாக வேண்டும் என்பதை முதலில் வரைந்து, அதிலிருந்து உள்பக்க, வெளிப்பக்கக் கிள்ளுத் தடிமன்களின் கூட்டுத்தொகையில் பாதியைக் கழிப்பது இந்த வழி. இவருடைய விலாக்கூட்டில் அக்குள் முன்கோட்டைத் தாண்டாமல் வரையக்கூடிய மேடு 12.3 செ.மீ. உள்பக்கக் கிள்ளு 1.0, வெளிப்பக்கம் 1.2, பாதி 1.1. பையின் விட்டம் 11.2 செ.மீ. என்று வருகிறது. முதல் முறை 11.5ஐத் தாண்டாதே என்றது, இது 11.2 என்றது. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றால் நம்பலாம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் கணக்கைத் தொடராமல் காலிப்பரை மறுபடி எடுக்க வேண்டும்.

கையிருப்புப் பட்டியலில் மிதமான உயரத்துக்கு ஒருபடி மேலான வகையில் 275 சிசி பையின் விட்டம் 11.3 செ.மீ., முன்னுயரம் (மார்பிலிருந்து முன்னே நிற்கும் உயரம்) 4.1. அதுவே தேர்வானது. சிசி ஒன்றாக இருந்தாலும் விட்டமும் உயரமும் நிறுவனத்துக்கு நிறுவனம், வகைக்கு வகை மாறும் என்பதால் பட்டியலின் மூன்று எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

375ஐ வைத்திருந்தால்

இவர் விடவில்லை, விடாமல் கேட்டது நியாயமும்கூட. “தோல் இழுபடுமே டாக்டர், கொஞ்சம் பெரிசா வச்சா காலப்போக்குல சரியாயிடாதா?”

தேர்ந்த அதே வகையில் 375 என்றால் விட்டம் 12.6 செ.மீ. மார்பகத்தின் அடியை விட 1.1 செ.மீ. அகலம். உள்பக்கம் மார்பெலும்பருகே இடமில்லை என்பதால் அது வெளிப்பக்கம் அக்குளை நோக்கித் தள்ளும். கை வீசும்போது பையின் விளிம்பு மேற்கையில் உரசும். உயர வகையைத் தேர்ந்தால் அகலம் 11.8க்கு வரும், ஆனால் முன்னுயரம் 5.1 ஆகும். 2.5 செ.மீ. மட்டுமே நகரும் தோல் 5 செ.மீ. தள்ளலைத் தாங்க வேண்டும். அது தாங்கும் விதம்தான் பிரச்சினை: சுரப்பி அழுத்தத்தால் மெலியும், தோல் மெலியும், கீழ்ப்பாதி வருடக்கணக்கில் நீளும். காம்பு மேலே நோக்க, பை மடிப்பைத் தாண்டிக் கீழே இறங்கும் நிலை அப்படித்தான் உண்டாகிறது. மெலிந்த தோல் வழியே பையின் அலைச்சுருக்கங்கள் கைக்குத் தட்டுப்படும், பிறகு கண்ணுக்கும் தெரியும். எடையிலும் பக்கத்துக்கு ஏறத்தாழ 100 கிராம் கூடும்.

நீண்ட தோலும் மெலிந்த சுரப்பியும் பையை எடுத்தாலும் திரும்பி வருவதில்லை. இதை அறுவைக்கு முன் தெளிவாகச் சொல்லாமல் ஒப்புதல் வாங்குவது சரியான ஒப்புதல் ஆகாது. தயாரிப்பாளர்களின் 10 ஆண்டுத் தொடர் ஆய்வுகளில் முதன்முறை இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டவர்களில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வரை மறு அறுவைக்குப் போயிருக்கிறார்கள். அதற்கான காரணங்களில் கேப்சூல் சுருக்கத்தோடு (பையைச் சுற்றி உடல் உண்டாக்கும் தழும்புறை இறுகுவது) அளவு மாற்றமும் இடம்பெறுகிறது. கேப்சூல் சுருக்கத்தை முழுதாகத் தடுக்க நம்மால் முடியாது. அளவு மாற்றத்துக்கான அறுவையைப் பெரும்பாலும் முதல் ஆலோசனையிலேயே தவிர்க்க முடியும்.

இவர் கேட்ட இன்னொன்று நடு இடைவெளி குறைய வேண்டும் என்பது. 2.8 செ.மீ. இடைவெளியை மூட வேண்டுமானால் மார்பெலும்பை ஒட்டிய தசைப்பிடிப்பை அறுக்க வேண்டும். அறுத்தால் இரு பைகளும் நடுவில் வந்து சேர்ந்துவிடும் ஆபத்து உண்டு. உள்விளிம்பில் தசை மூடாத இடத்தில் சுருக்கம் தெரியும். திருத்துவது மிகக் கடினம். முடியாது என்று நேராகச் சொல்லப்பட்டது. நெருக்கமாகத் தெரிய வேண்டிய நாட்களில் அதைப் பிரா செய்துகொடுக்கும்.

வலதும் இடதும்

எந்தப் பெண்ணுக்கும் இரு மார்பகங்கள் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை, இவருக்கும் அப்படித்தான். இடது பக்கம் 25, 30 சிசி போலக் கூடுதல், காம்பு அரை சென்டிமீட்டர் தாழ்வு, விலாக்கூடு அந்தப் பக்கம் சற்று முன்தள்ளல். அறுவைக்கு முன் எடுத்த படத்தில் இவற்றை அவருக்கே காட்டிக் கையெழுத்து வாங்குவது கட்டாயம். இல்லையென்றால் பிறவியிலேயே இருந்த வேறுபாட்டை அறுவைக்குப் பிறகு முதன்முறையாகக் கண்ணாடியில் கண்டுபிடிப்பார்.

இடதுக்கு 250 சிசி, விட்டம் 10.9, முன்னுயரம் 4.0. வேறுபாடு 25 சிசிதான் என்றால் இருபுறமும் ஒரே அளவு வைக்கலாம் என்று சொல்லும் நிபுணர்களும் உண்டு. சொந்தத் திசு எடையோடு கூடிக் குறையும், பை மாறாது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. இவருக்கு விலா எலும்பே முன்தள்ளியிருந்ததால், அது எடையோடு மாறப்போவதில்லை என்பதால், வேறுவேறு அளவு சரியென்று பட்டது.

மடிப்பின் கணக்கு இதைவிட முக்கியம். பை கூடினால் காம்பிலிருந்து மடிப்பு வரையான தூரமும் கூட வேண்டும்: 250 சிசிக்கு 7.0 செ.மீ., 275க்கு 7.5, 300க்கு 8.0. வலதில் இருப்பது 6.5, எனவே மடிப்பை 1 செ.மீ. இறக்க வேண்டும். இடதில் இருப்பதும் வேண்டுவதும் 7.0, தொடத் தேவையில்லை. இடது காம்பு அரை செ.மீ. தாழ்ந்து, மடிப்புத் தூரமும் அரை செ.மீ. கூடுதலாக இருந்ததால் இடது மடிப்பு முன்பே 1 செ.மீ. கீழே இருந்தது. வலதை 1 செ.மீ. இறக்கியதும் இரண்டு மடிப்பும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். இந்தக் கணக்கு போடாமல் பையை மட்டும் தேர்ந்திருந்தால் பிரா கம்பி ஒருபக்கம் மடிப்பிலும் மறுபக்கம் மார்பகத்தின் மேலும் உட்கார்ந்திருக்கும்.

மேற்பரப்பும் இடமும்

வட்ட வடிவ, வழுவழுப்பான மேற்பரப்புள்ள சிலிக்கான் ஜெல் பை தேர்வானது. சொரசொரப்பான மேற்பரப்போடு தொடர்புடைய அரிய நிணநீர்ப் புற்று, இம்ப்ளாண்ட் சார்ந்த ஏ.எல்.சி.எல்., பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) 2011இலேயே எச்சரித்தது, 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகைப் பைகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. வட்டப் பை வழுவழுப்பாக இருந்தால் உள்ளே சுழன்றாலும் வடிவம் மாறாது. கண்ணீர்த்துளி வடிவப் பை சுழலாமல் நிற்க சொரசொரப்பு தேவைப்படுகிறது. இவருக்கு அதனால் கிடைக்கக்கூடிய நன்மை எதுவும் தெரியவில்லை.

மேற்பகுதிக் கிள்ளு 2 செ.மீ.க்குக் கீழ் இருப்பதால் பையின் மேற்பாதியைத் தசை மூட வேண்டும். பெக்டோராலிஸ் என்ற மார்புத் தசை மேலே மூட, கீழ்ப்பாதியில் மார்பகத் திசு நேராகப் பையைத் தொடும் ‘டுவல் பிளேன்’ முறை, அதில் முதல் வகை. தசைக்கு அடியில் வைத்தால் கையை அழுத்தி ஊன்றும்போது மார்பகம் சற்று அசையும் என்பதும் சொல்லப்பட்டது. இவர் ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவர். கைகளைத் தலைக்கு மேல் தூக்கியபடி நீண்ட நேரம் நடந்து, 500க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். அந்த நிலையில் பை மேலே இழுபடுமா என்று கேட்டார். சற்று இழுபடும், வலிக்காது, கையை இறக்கினால் பழைய இடத்துக்கு வரும். தைப்பூசம் முடிந்து மார்ச்சில் அறுவை வைத்துக்கொண்டால் அடுத்த தைப்பூசத்துக்குப் பத்து மாதம் கிடைக்கும் என்பதால் தேதி அப்படியே அமைந்தது.

வீட்டில் அரிசி, மேசையில் படிவம்

கணக்குச் சரியாக இருந்தாலும் அவர் உடலில் அவர் உணர வேண்டும். 275 மில்லி அளவுக்குப் பச்சரிசியை அளந்து, நைலான் காலுறையில் கட்டி, பஞ்சில்லாத விளையாட்டு பிராவுக்குள் வைத்து, வீட்டில் இரண்டு மூன்று நாள் மாலையில் நடமாடச் சொல்லப்பட்டது. பிறகு 375 மில்லி. உடைக்கு வெளியே தெரியும் இந்த அளவு அறுவைக்குப் பிந்தைய உருவத்தைச் சரியாகக் காட்டாது. தசைக்கு அடியில் போகும் பை அதே கொள்ளளவிலும் சற்று அடங்கியே தெரியும். ஆனால் எடையும் பக்கவாட்டு இடிப்பும் உடனே புரியும். 375ஐக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனபோது கை உரசியது என்று அவரே சொன்னார். முப்பரிமாணப் படமும் எடுக்கப்பட்டது. அந்தப் படம் இன்றைய தோலை மட்டும் காட்டும், மூன்றாண்டு கழித்து நீளப்போகும் தோலைக் காட்டாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வயது 35க்குக் கீழ், திசு அடர்த்தி என்பதால் குடும்ப வரலாற்றை முன்னிட்டு அல்ட்ராசவுண்டு செய்யப்பட்டது, இயல்பு. மலேசியாவில் மார்பக இம்ப்ளாண்ட் 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் சட்டத்தின் கீழ் வருகிறது. மருத்துவக் கருவிகள் ஆணையத்தில் பதிவான பையா என்று கேட்பது நோயரின் உரிமை. அறுவை செய்பவர் பிளாஸ்டிக் அறுவைப் பிரிவில் தேசிய நிபுணர் பதிவேட்டில் உள்ளவரா, இடம் 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள் சட்டப்படி உரிமம் பெற்றதா என்பனவும் அப்படியே. இவருக்கு மலாய்ப் படிவத்தை வாசிப்பதில் சிரமமில்லை. ஆனாலும் சிக்கல்களைப் பற்றிய பகுதி தமிழில் வாய்மொழியாகவும் விளக்கப்பட்டது, கணவரும் உடனிருந்தார். பயம் தரும் விஷயங்களை வீட்டு மொழியில் கேட்டால்தான் எதிர்க்கேள்வி வரும்.

அறுவை

கோடு போடுவது நின்ற நிலையில், மயக்கத்துக்கு முன். நடுக்கோடு, பழைய மடிப்பு, வலதில் 1 செ.மீ. கீழே புதிய மடிப்பு, இருபுறமும் பை உட்காரும் பையறையின் எல்லை. படுத்த பிறகு திசு பக்கவாட்டில் சரிந்துவிடும். அப்போது போடும் கோட்டை நம்ப முடியாது.

பொது மயக்கம். ஒவ்வாமை இல்லை என்று உறுதிசெய்து, கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி. முலைக்காம்புகள் மெல்லிய ஒட்டுத்தாளால் மூடப்பட்டன. பால்நாளங்களில் வாழும் கிருமி பையில் ஒட்டினால் கேப்சூல் சுருக்கத்துக்கு வழி. கீறல் 4.5 செ.மீ., புதிய மடிப்பின் மேலேயே. பழைய மடிப்பில் கீறினால் தழும்பு பிறகு மார்பகத்தின் மேல் ஏறி நிற்கும்.

தசையின் கீழ்ப் பிடிப்பு மடிப்பை ஒட்டி அறுக்கப்பட்டு, மார்பெலும்பு தொடங்கும் இடத்தில் நிறுத்தப்பட்டது. இரத்தக் கசிவைக் கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாக அடக்க வேண்டும். விரலால் பிய்த்துப் பையறை உண்டாக்கினால் இரத்தம் தேங்கும். பையறையை அகலமாக்கும் ஆசையை வெளிப்பக்கம் அடக்கிக்கொள்ள வேண்டும். ஒருமுறை தளர்ந்த வெளிச்சுவர், படுத்தால் பை அக்குளுக்கு ஓடும்படி விட்டுவிடும்.

சோதனைப் பைகளை வைத்து மேசையை உட்கார்ந்த நிலைக்கு உயர்த்திப் பார்க்கப்பட்டது. வலதில் 275 சரியாக உட்கார்ந்தது. அதே பக்கத்தில் 300ஐயும் வைத்துப் பார்த்தார்கள்: மேல் உள்பகுதியில் தோல் இறுகி, வெளிவிளிம்பு குறியிட்ட கோட்டைத் தாண்டியது. மேசையில் உட்கார்த்திப் பார்க்கும்போது “இன்னும் ஒரு அளவு போகலாமே” என்ற எண்ணம் எப்போதும் வரும். மயக்கத்தில் தசை முழுதாகத் தளர்ந்திருப்பதால் எதுவும் இடம்பிடித்துக்கொள்ளும். திட்டமிட்ட அளவிலிருந்து 25 சிசிக்கு மேல் மாறுவதில்லை என்று முன்பே எழுதிவைத்தால் அந்த நேரத்துத் தடுமாற்றம் இருக்காது.

பையறையைக் கிருமிநாசினிக் கரைசலால் கழுவி, கையுறை மாற்றி, தோலைத் தொடாமல் புனல் வடிவ உறை வழியாகப் பை செலுத்தப்பட்டது. எந்தக் கரைசல் என்பதைப் பையின் தயாரிப்பாளர் குறிப்போடு ஒத்துப்பார்க்க வேண்டும். வலதில் இறக்கிய மடிப்பைச் சும்மா விடவில்லை. மேல்தோலடிப் படலத்தை அடியிலுள்ள படலத்தோடு சேர்த்து மூன்று இடத்தில் நிலைத்த தையல். மடிப்பை இறக்கிவிட்டுப் பொருத்தாமல் மூடினால் பை கீழே சரியும். பழைய மடிப்பின் கோடு உள்ளே விடுபடாமல் இருந்தால் மார்பகத்தின் அடியில் இரட்டை மேடு தெரியும். இரண்டையும் தவிர்ப்பது இந்தத் தையலும் முழுமையான விடுவிப்பும்தான். வரிசை எண் ஒட்டிய அட்டை நோயர் கையில். அதன் நகல் கோப்பில்.

பின்தொடர்தல்

முதல் வாரம் காய்ச்சல் இல்லை, ஒருபக்கம் மட்டும் வீங்கவில்லை. பிள்ளையைத் தூக்குவது மூன்று வாரம் தடை. 14 கிலோப் பிள்ளை தானாக ஓடிவந்து ஏறிக்கொள்ளும் என்பதால் அம்மாவை ஜொகூரிலிருந்து வரவழைத்திருந்தார்கள். மோட்டார் ஓட்டுவதற்கும் அதே தடை. தொழிற்சாலை வேலைக்கு நான்காம் வாரம், கனமான தட்டுகளைத் தூக்காமல். கம்பியில்லா பிடிப்பு பிரா ஆறு வாரம், இரவிலும்.

ஐந்தாம் வாரத்தில் வலது பை இடதை விட மேலே நின்றது. வலது கையால் வேலை செய்பவர், அந்தப் பக்கத் தசை வலுவானது, மடிப்பும் புதிது. மூன்றும் சேர்ந்த விளைவு. பையைக் கீழ்நோக்கி அழுத்தும் மேற்பட்டி கட்டச் சொல்லிக் காத்திருந்ததில் மூன்றாம் மாதம் இரண்டும் சமமாயின. இந்தக் கட்டத்தில் மறு அறுவைக்கு அவசரப்படக் கூடாது.

ஆறாம் வாரம் இவர் கேட்ட கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும்: “வீக்கம் வத்துனதும் சின்னதாயிட்ட மாதிரி இருக்கு, 375 வச்சிருக்கலாமோ?” கண் பழகிவிட்டது, வீக்கமும் வடிந்தது. அறுவைக்கு முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது தயக்கம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. அதைக் கோப்பில் அப்படியே பதிவு செய்தோம். ஆறாம் மாதம் அந்தக் கேள்வி எழவில்லை; பிளவுஸ்கள் மாற்றித் தைக்கப்பட்டிருந்தன.

இடது காம்பில் மரத்த உணர்வு நான்காம் மாதம் தெளிந்தது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தார், வலி இல்லை. 12ஆம் மாதம் காம்பு முதல் மடிப்பு வரை வலது 7.9, இடது 7.5 செ.மீ.; தோல் அரை செ.மீ.க்கு மேல் நீளவில்லை, மடிப்புகள் சமம். கையை இடுப்பில் ஊன்றி அழுத்தினால் மேல் உள்பகுதியில் லேசான அசைவு இருக்கிறது. அது இனியும் இருக்கும். நடு இடைவெளி பழையபடியே.

வீட்டில் கண்காணிக்க வேண்டியவை எழுதிக் கொடுக்கப்பட்டன: ஒருபக்கம் திடீரென வீங்குவது, கட்டி, இறுகி உருமாறுவது. அறுவை முடிந்து ஓராண்டுக்குப் பிறகு வரும் வீக்கத்தில் நீரை எடுத்துச் சோதிக்காமல் விடக் கூடாது. பை உள்ளே கிழிந்தால் பல சமயம் வலி இருக்காது என்பதால், எஃப்.டி.ஏ. பரிந்துரைப்படி ஐந்தாம் அல்லது ஆறாம் ஆண்டில் அல்ட்ராசவுண்டு அல்லது எம்.ஆர்.ஐ., பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கும் வயது வந்ததும், இம்ப்ளாண்ட் இருப்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். பையைப் பின்னே தள்ளித் திசுவை மட்டும் அழுத்தி எடுக்கும் கூடுதல் படங்கள் தேவைப்படும். எடை ஐந்தாறு கிலோவுக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ காலிப்பரால் மறுபடி அளக்க வரச் சொல்லியிருக்கிறது.